பெட்டி என்றால் எந்தப் பெட்டி

யட்டியாந்தோட்டை பஸாரில் கதை இப்படித்தான் கிளம்பியது. போன நவம்பரில் ஊரை ஒட்டி ஓடுகிற ஆறான கங்கை பெருகி உள்ளே வந்த காலையில், றேடியோ திருத்துகிற மஹ்ரூப் பெண்டாட்டியை வீட்டுக்குள் விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டாராம். பெண்டாட்டி மறுநாள் மையத்தாக, உயிரில்லாத உடலாகக் கிடைத்தாளாம். பெட்டிக்கு ஒரு கீறல் கூட இல்லையாம்.

மண் சரிந்து பாதையெல்லாம் அடைபட்டுக் கிடந்த நாட்களிலும் இந்தக் கதைக்கு மட்டும் போக்குவரத்துத் தடை இருக்கவில்லை. தெரணியகலைக்குப் போய்ச் சேர்ந்தபோது பெட்டிக்குள் மாணிக்கக் கல் இருந்தது. அவிசாவளையில் டொலர். கேகாலைப் பக்கம் கொஞ்சம் நாகரிகமானவர்கள். பெட்டிக்குள் இரண்டாம் கலியாணத்து அத்தாட்சிப் பத்திரம் இருந்தது என்றார்கள். கடைசியாக ரம்புக்கனைக்குப் போனது. அங்கேதான் மஹ்ரூபின் ஒரே மகள் றிஸ்மியா வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெட்டியோடு வளர்ந்தவள் அவள். உம்மாவை அடக்கிய அன்று வந்து அழுதுவிட்டுப் போனவள், கதை காதில் விழுந்த நாளிலிருந்து வாப்பாவின் போனை எடுப்பதில்லை.

மஹ்ரூபுக்கு வீடு போனது, சாமான் போனது. நிவாரணப் பட்டியலில் பெயர் பிழையாக எழுதப்பட்டு அதுவும் போனது. அதற்கெல்லாம் அவர் வாய் திறக்கவில்லை. மகள் ஒரு தடவை "வாப்பா" என்று கூப்பிட வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சரி, கதை உண்மையா என்று விசாரிக்கக் கிளம்பினால், கண்ணால் கண்ட சாட்சிக்குப் பஞ்சமில்லை. முதல் சாட்சி சசி. மேலே றப்பர் தோட்டத்து லயத்தில் இருந்துகொண்டு பஸாரில் த்ரீவீல் ஓட்டுகிற ஆள்.

"நான் இந்தக் கண்ணால பாத்தேனுங்க. பெட்டி மேல குந்திக்கிட்டு இருந்தாரு. தொர மாதிரி."

தூக்கிக்கொண்டு வந்ததையும் பார்த்தாரா?

"அத பாக்கலீங்க. நான் வரயில குந்தியாச்சு."

அப்படியானால் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார் என்று எப்படித் தெரியும்?

"என்னாங்க நீங்க, பேஸ்புக்ல போட்டிருந்தாங்கள்ல."

படம் எடுத்துப் போட்டவரைத் தேடிப் பிடித்தால், அவர் மருந்துக் கடைப் பாறூக். தான் எடுத்தது வெள்ளத்தைத்தான், மஹ்ரூப் குறுக்கே உட்கார்ந்திருந்தார், வெட்ட மனம் வரவில்லை என்கிறார். அந்த வாக்கியத்தை எழுதியது யார்? "பெஞ்சாதி போனாலும் பெட்டி மிஞ்சிச்சு" என்று? அது பாறூக் எழுதியதில்லை. கீழே யாரோ எழுதினார்கள், யாரோ அதை மேலே தூக்கிப் போட்டார்கள். கங்கையைப் போலத்தான், எங்கே மழை பெய்தது என்று கடைசிவரை தெரியவில்லை.

ஆக, பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது உண்மை. மிச்சத்தைத் தெரிந்துகொள்ள மஹ்ரூபைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு ஆள் நேராக நின்றால் அடுத்த ஆள் சாய்ந்து நிற்க வேண்டிய அகலத்தில் அவருடைய கடை. ஃபேன், அயர்ன், ரைஸ் குக்கர் எல்லாம் திருத்துவார். றேடியோவோடு யாரும் வருவதில்லை. பெயர்ப்பலகையில் மட்டும் றேடியோ இருக்கிறது. ஆனால் அவரைக் கெடுத்தது ஒரு றேடியோதான். ரொம்ப வருஷத்துக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஏரம்பமூர்த்தி. தோட்டத்து ஒபிசில் பெரிய கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து மனிதர்.

மஹ்ரூப் திருத்தி முடித்துவிட்டு, வேலை செய்கிறதா என்று குமிழைத் திருகினார். எங்கோ தூரத்து நிலையத்தில் யாரோ பியானோ வாசித்தார்கள். சுத்தமாகக் கேட்டது. வாசிப்பு நின்றது. உடனே எண்ணெய்ச் சட்டியில் மீனைப் போட்டது போல் ஒரு பொரியல் சத்தம். மஹ்ரூப் மூடியைக் கழற்றினார். ஈயம் வைத்தார். சத்தம் நின்றது. மறுபடி பியானோ, மறுபடி பொரியல். இரண்டு கண்டென்சரை மாற்றியும் போகவில்லை. மறுநாள் ஏரம்பமூர்த்தி வந்தபோது தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஏரம்பமூர்த்தி குமிழைத் திருகிக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது கோளாறில்லை காணும். அது கைதட்டல்."

"இவ்வளவு ஆளா?"

"ஓம். மண்டபம் நிறைஞ்ச சனம்."

"ஒருத்தன் உக்காந்து ஒரு பெட்டியத் தட்டினத்துக்கா?"

தட்டியவர் பெயர் விக்டர் ஹலாமெக். ஐரோப்பாவில் பெரிய பெயர். அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் கால் வைக்க மாட்டார். மண்டபம் வேண்டும், சனம் வேண்டும், யாராவது இருமவும் வேண்டும். அப்போதுதான் வாசிப்பார். அதனால் அவர் வாசித்ததில் மிஞ்சியிருப்பதெல்லாம் றேடியோக்காரர்கள் பிடித்ததும், ரசிகர்கள் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டுபோய்ப் பிடித்ததும்தான். அதைச் சேர்க்கவென்றே ஊர் ஊராக ஆட்கள் இருந்தார்கள். ஏரம்பமூர்த்தி இங்கிலீஷில் எழுதிக் கொடுக்க, மஹ்ரூபும் அந்த ஜமாஅத்தில் சேர்ந்தார். ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் யட்டியாந்தோட்டைத் தபால் கந்தோருக்குக் கெசட் வந்தது.

இங்கேதான் ஊர் குழம்பியது. நம் நாட்டில் கச்சேரி என்றால் அரசாங்க அதிபரின் அலுவலகம். கெசட் என்றால் பாட்டு நாடாவும் கெசட், அரசாங்க வர்த்தமானியும் கெசட். மஹ்ரூபிடம் கச்சேரி கெசட் கட்டுக்கட்டாக இருக்கிறது என்று கேள்விப்பட்டு, காணிச் சிக்கலோடு ஒரு மனிதர் தெரணியகலையிலிருந்து பஸ் ஏறி வந்தார். தன் காணி அரசாங்கத்துக்கு எடுபட்ட கெசட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். மஹ்ரூப் அவரை உட்காரவைத்து ஹலாமெக்கைப் போட்டுக் காட்டினார். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதில எங்கட காணி எந்த எடத்தில வருது?" என்றார்.

பள்ளிவாசல் பக்கமும் கேள்வி வந்தது. "இந்த இசை கிசையெல்லாம் ஹலாலா ஹராமா மஹ்ரூப்?"

"ரெண்டும் இல்ல ஹாஜியார். ஹலாமெக்."

ஹாஜியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தார். அதோடு விட்டுவிட்டார்.

சேர்த்த கெசட்டுகளை வைக்க, தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டி கிடைத்தது. பலகைப் பெட்டி, ஓரமெல்லாம் தகரம், உள்ளே ஈயத்தாள். முழங்காலுக்குச் சற்று மேல் உயரம். அந்த வீட்டில் அதற்கு அடைமொழி கிடையாது. வெறும் பெட்டி. பெட்டிக்கு மேல ஈரத்துணி போடாதே. பெட்டிப் பக்கம் தண்ணி கொண்டு போகாதே. றிஸ்மியா நடை பழகியதே அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டுதான். கையைத் தட்டிவிட்டதும் அவளுடைய வாப்பாதான்.

மனைவி ஸைனம்புவுக்கு ஹலாமெக் மேல் தனியான பக்தி ஒன்றும் இல்லை. அவளுக்கு இஷ்டம் இருமல்காரன். ஒரு கச்சேரியில் முதல் வரிசையிலிருந்து யாரோ ஒருவன் முதலிலிருந்து முடிவுவரை இருமிக்கொண்டே இருப்பான். அந்த கெசட்டைப் போட்டால் அடுப்படியிலிருந்து குரல் வரும். "அந்த மனுசனுக்குக் கொஞ்சம் கொத்தமல்லி அவிச்சுக் குடுக்க ஒருத்தியும் இல்லயா அந்த ஊர்ல?" இப்போதெல்லாம் இதே கச்சேரி போனிலேயே இருக்கிறதே என்று யாராவது சொன்னால் மஹ்ரூபுக்கு முன்னால் அவள்தான் பதில் சொல்வாள். "போன்ல ஈக்கிறது கழுவின கச்சேரி. இருமல்காரன எடுத்துட்டானுகள்."

சில வருஷமாக அவளுக்கு நீரிழிவு. கிளினிக்கில் கொடுக்கிற ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் நினைத்தபோது போகிற ஊர். மஹ்ரூப் மீன் கடையில், ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்று வாங்கி வந்து, கழுவி, ஐஸ் வைத்து, மருந்துக்கென்று ஏற்பாடு பண்ணினார். எத்தனை தரம் கழுவியும் மீன் வாசம் போகவில்லை. ஸைனம்பு அதற்கு மீன்பெட்டி என்று பெயர் வைத்தாள். பக்கத்து வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள்: "என்ட உசிரு மீன்பெட்டிக்குள்ள. அவர்ட உசிரு தேயிலைப் பெட்டிக்குள்ள."

அந்த நவம்பர் காலையில் முன்பக்கம் கங்கை ஏறிக்கொண்டிருந்தது. பின்னால் தோட்டத்து மலை. இரண்டுக்கும் நடுவில், ரோட்டிலிருந்து பக்கவாட்டாக இறங்குகிற சரிவில் வீடு. மஹ்ரூப் அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் போட்ட பையையும் கேஸ் சிலிண்டரையும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார். ஸைனம்பு குர்ஆனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்துவிட்டாள். அப்போதுதான் மஹ்ரூபுக்கு மருந்து ஞாபகம் வந்தது. பாதை அடைபட்டுவிட்டது, கிளினிக் எப்போது திறக்குமோ தெரியாது. ஊசி இல்லாமல் அவளால் தாங்க முடியாது.

கத்தினார். கங்கை அதைவிடப் பெரிதாகக் கத்தியது. 'ஊசிப் பெட்டி' என்று கத்தினாரா, வெறும் 'பெட்டி' என்றா? அவருக்கே இப்போது நிச்சயமில்லை. எதைக் கத்தியிருந்தாலும் படிக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு சொல்தான்.

"பெட்டி! பெட்டி!"

ஸைனம்பு நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள். சரி, பொறுங்கள் என்பது போல் கையைக் காட்டினாள். குர்ஆனை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மீன்பெட்டி இருந்தது அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில். எட்டி எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டிய தூரம். அவள் திரும்பவில்லை. மஹ்ரூப் காத்துக்கொண்டு நின்றார். அவள் எதை இழுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு உறைத்தது அப்போதுதான். சரிவில் பாதி தூரம் ஓடினார். அதற்குள் மலை சரிந்து வந்துவிட்டது. பின்சுவர் விழுந்த சத்தம் கூடக் கேட்கவில்லை. வாசல் வழியாகச் சேற்றுத் தண்ணீர் வந்தது. அதோடு, ஆள் வெளியே வருவது போல, தேயிலைப் பெட்டி வந்தது.

கீழே கரையில் சுகத் நின்றார். கங்கையில் முங்கி மணல் அள்ளுகிற சிங்களவர். மஹ்ரூபின் வீட்டுக்கு அங்கிட்டு இருப்பவர், அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுகிறவர். மேலேயிருந்து பெட்டி பெட்டி என்று கத்தியது அவர் காதிலும் விழுந்திருந்தது. சிங்களத்திலும் பெட்டி பெட்டிதான். பெட்டி மிதந்து வருவதைக் கண்டதும் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு குதித்துவிட்டார். தகர ஓரம் உள்ளங்கையைக் கிழித்தது. விடவில்லை. கரையேற்றி, ரோட்டுக்குத் தூக்கி வந்து, சேறு விரட்ட ரோட்டுக்கே திரும்பியிருந்த மஹ்ரூபின் காலடியில் வைத்தார்.

"இந்தாங்க நானா, பெட்டி" என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே.

மஹ்ரூப் பெட்டியைப் பார்த்தார், வீடு இருந்த இடத்தைப் பார்த்தார். விழாமல் இருக்க ஏதாவது வேண்டியிருந்தது. ரோட்டில் உட்காருவதற்கு இருந்த பொருள் அது ஒன்றுதான். உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் பாறூக் வெள்ளத்தைப் படம் எடுத்தார்.

வீட்டுக்குள் ஆள் இருக்கிறது என்று சுகத்துக்குத் தெரிந்தது அதற்குப் பிறகு. மறுபடியும் குதித்தார், மற்றவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். மறுநாள் தண்ணீர் இறங்கியதும், கங்கை திரும்புகிற வளைவில் ஸைனம்புவைக் கண்டெடுத்தவரும் அவர்தான். பிறகு ஒரு நாள் அவர் மஹ்ரூபிடம் சிங்களத்தில் சொன்னார்: "வேற சொல்லா இருந்திருந்தா என்னன்னு கேட்டிருப்பேன் நானா. புரிஞ்சுபோச்சு. அதான் கேக்கல."

விசாரணையின் முடிவு இது. பெட்டியை மஹ்ரூப் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பெண்டாட்டியை விட்டுவிட்டும் வரவில்லை. ஊர்க்கதை பொய். இதைச் சசியிடம் சொன்னால், முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்கிறார்: "அப்படீங்களா. ஆனா பெட்டின்னு கத்தினது அவருதானுங்களே."

வீடு போன பிறகு மஹ்ரூப் கடையிலேயே தங்கினார். பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினார். யாழ்ப்பாணத்திலிருந்து ஏரம்பமூர்த்தி போன் எடுத்தார். துக்கம் விசாரித்தார். பேச்சு முடிகிற இடத்தில், ஆறுதலுக்கு என்று நினைத்தோ என்னவோ, "ஒரு விஷயம் மஹ்ரூப். ஹலாமெக்கின்ர கச்சேரி முழுக்க இப்ப ஒரு கொம்பனி வெளியில விட்டிருக்கு. ஒண்டும் வெட்டேல்லையாம், இருமல், தும்மல் எல்லாம் அப்பிடியே. என்ர மகன் மதுசன் கனடாவில வாங்கிட்டான். உமக்கும் ஒரு பெட்டி அனுப்பச் சொல்லட்டே?" என்றார்.

"பெட்டி வேணாம் சேர்" என்று மஹ்ரூப் போனை வைத்தார். ஏரம்பமூர்த்தி ஏதோ வலைத்தொடர்புக் கோளாறு என்று நினைத்து மூன்று தடவை திரும்ப எடுத்தார்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு றிஸ்மியா வந்தாள். புருஷன் றிஸாத்தும் வந்தான். பள்ளிவாசலில் ஓதி முடித்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, இருவரும் கடைக்கு வந்தார்கள். இருந்த ஒரே ஸ்டூலை மஹ்ரூப் துடைத்து நகர்த்தினார். அவள் உட்காரவில்லை. மேசைக்குக் கீழே சாக்கு மூடியிருப்பதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒண்டு கேக்கணும்."

"இப்ப வேணாம் புள்ள" என்றான் றிஸாத்.

"நீங்க சும்மா ஈங்க." வாப்பாவின் பக்கம் திரும்பினாள். "ரோட்டுல நிண்டு என்னண்டு கத்தினீங்க?"

"பெட்டி எண்டு."

"எந்தப் பெட்டி?"

"மருந்து. உம்மாட ஊசி."

"ஒங்கட வாயில அது ஒருநாளும் பெட்டியா ஈந்ததில்லயே. உம்மாக்கு அது மீன்பெட்டி. ஒங்களுக்கு அது மருந்து. பெட்டி எண்டா எங்கட ஊட்டுல ஒண்டுதானே."

"தெரியும் மகள். கங்கச் சத்தத்துல வாயில வந்தது அதுதான்."

றிஸாத் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். எதிரே பஸ்காரன் அவிசாவளை அவிசாவளை என்று கூவிக்கொண்டிருந்தான்.  றிஸ்மியா மறுபடி பேசியபோது குரலில் கோபம் இருக்கவில்லை. மஹ்ரூப் அதைக் கவனித்தார், அதைக் கண்டு முதலில் சந்தோஷப்படவும் செய்தார்.

"நான் நம்புறன் வாப்பா. நீங்க மருந்தத்தான் கேட்டிருப்பீங்க. கெசட்டுக்காக உம்மாவ உள்ளுக்கு அனுப்புற மனுசன் இல்ல நீங்க."

மஹ்ரூப் ஸ்டூலில் தானே உட்கார்ந்தார்.

"ஆனா உம்மாக்குத் தெரியாதே. இந்த நேரத்துலயும் இவருக்கு அந்தப் பெட்டிதான் வேணும் எண்டு நெனச்சிட்டுத்தானே அவ உள்ளுக்குப் போயிருக்கா."

அவர் குனிந்து பெட்டி மேலிருந்த சாக்கை இழுத்துச் சரியாக மூடினார். 

"நெனச்சிட்டும் போயிருக்கா வாப்பா" என்றாள் றிஸ்மியா.

ரம்புக்கனை போகிற வழியில் இன்னும் ஒரு இடத்தில் பாதை ஒற்றை வழியாகத்தான் ஓடுகிறது. நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்றான் றிஸாத். கிளம்பும்போது அவள் வாப்பாவின் சட்டைக் கொலரைச் சரிபண்ணிவிட்டாள். இனி அவர் அழைத்தால் போனை எடுப்பதாகச் சொன்னாள். சொன்னபடி எடுக்கிறாள். மழையா, வெயிலா, சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை வாப்பா என்கிறாள். அந்த நாற்பது நாளும் அவர் கேட்க ஏங்கியது அதுதான். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கிறார்.

ஊருக்கு உண்மை தெரிந்துவிட்டது. ஆனால் மாணிக்கக் கல்லை அது அவ்வளவு இலகுவில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. தெரணியகலைப் பக்கமிருந்து வருகிற சிலர் கடை வாசலில் நின்று, ஃபேன் விலையை விசாரிக்கிற சாக்கில் மேசைக்குக் கீழே எட்டிப் பார்க்கிறார்கள்.

சாக்கு அப்படியே கிடக்கிறது. ஈயத்தாள் போட்ட பெட்டி. உள்ளே பாதிக்காவது தண்ணீர் படாமல் இருக்கலாம். மஹ்ரூப் திறந்து பார்க்கவில்லை. திறக்கச் சொல்கிற ஆள் ஒருவர்தான். சுகத்.

கை ஆறிவிட்டது, இரண்டு விரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. மணலுக்கு இனி முங்க முடியாது. பஸாரில் தேங்காய் விற்கிறார். பாதிப் பொழுது மஹ்ரூபின் கடை வாசலில்தான். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நானா, அதுக்குள்ள ஏதோ சங்கீதம் இருக்காமே. ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. எதுக்காகக் குதிச்சேன்னு நானும் கேக்க வேணாமா?"

நியாயமான கேள்வி. மறுக்க மஹ்ரூபுக்கு வாய் வரவில்லை. நன்றி என்றும் அந்த மனிதரிடம் இதுவரை சொன்னதில்லை. எதைக் காப்பாற்றியதற்கு என்று சொல்வது?

"லபன சதியே" என்றார் சிங்களத்தில். அடுத்த வாரம்.

அடுத்த வாரம் வந்தது. சுகத் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். பெட்டி இன்னும் ஈரமாக இருக்கிறது, காயட்டும் என்றார் மஹ்ரூப். பிறகு பெப்ரவரி வந்தது. ரோட்டில் தார் இளகுகிற வெயில். ஈரம் என்று சொல்ல முடியாமல், கெசட் போடுகிற மெஷினில் பெல்ட் அறுந்துவிட்டது என்றார். ஊரில் உள்ள மெஷினெல்லாம் திருத்துகிறவர் இதைச் சொன்னபோது சுகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது வாய் திறந்து கேட்பதில்லை. காலையில் தேங்காயை இறக்கி அடுக்கிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து புருவத்தை மட்டும் உயர்த்துகிறார். இந்தப் பக்கமிருந்து மஹ்ரூப் ஸ்க்ரூ டிரைவர் பிடித்த கையைத் தூக்கிக் காட்டுகிறார். லபன சதியே.